மின்வாரியத்தை எப்படிச் சீர்திருத்துவது? கட்டண உயர்வு, ஸ்மார்ட் மீட்டர், தனியார்மயம், தனி ஃபீடர்: எது முதலில்?

தமிழ்நாட்டில் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றி யார் மேடையேறினாலும் பேச்சு கடைசியில் மின்வாரியத்தில் வந்துதான் நிற்கிறது. கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவருக்கும், காங்கேயத்தில் கிணற்றுப் பாசனம் செய்பவருக்கும் உற்பத்தித்திறன் என்பது மூன்றே கேள்விகள்தான். மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது, எந்த வோல்டேஜில் வருகிறது, ஒரு யூனிட்டுக்கு என்ன விலை ஆகிறது. இந்த மூன்றையும் தீர்மானிக்கிற நிறுவனம் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடனில் நிற்கிறது. அதைத் தூக்கி நிறுத்த நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. ஆண்டுதோறும் கட்டணத்தைத் திருத்துவது, எல்லா இணைப்புக்கும் தானே ரீடிங் அனுப்புகிற ஸ்மார்ட் மீட்டர் போடுவது, விநியோகத்தைத் தனியாரிடம் கொடுப்பது, விவசாய மின்சாரத்தைத் தனி ஃபீடராக (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் தனி மின்பாதையாக) பிரித்து சோலாரில் ஓட்டுவது. எந்தக் கட்சி எதை ஆதரிக்கிறது என்பதை விட, எது எந்த ஓட்டையை அடைக்கும், எதை முதலில் செய்யாவிட்டால் மற்றவை வீணாகும் என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

ஏற்கெனவே செய்து பார்த்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். 1957ல் தொடங்கிய மின்வாரியம் 2010 நவம்பரில் உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் டான்ஜெட்கோ, உயர் அழுத்த மின்தொடருக்கு டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024ல் டான்ஜெட்கோவும் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என மூன்றானது. இடையில் 2017 ஜனவரியில் மாநிலம், மின் நிறுவனக் கடனை மாநில அரசுகள் ஏற்பதற்கான மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்து, நிறுவனத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கடன் திரும்ப ஏறியது. காரணம் வெளிப்படையானது. 2014 டிசம்பரில் நிர்ணயித்த கட்டணம் 2022 செப்டம்பர் வரை அசையவே இல்லை. வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்கும் செலவும், நிலக்கரி விலையும், வட்டியும் அப்படி நின்றுவிடவில்லை. கம்பெனியின் பெயரை மாற்றியதும் கடனை இடம் மாற்றியதும் ஒரு யூனிட்டை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைத் தொடவில்லை.

எவ்வளவு நஷ்டம் என்பதே ஒரு அனுமானம்தான்

நான்கு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரு ஃபீடரின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு 11 கேவி ஃபீடரை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு. மாதம் 2,00,000 யூனிட் அதில் போகிறது. வழியில் உள்ள வீடு, கடை, பட்டறை எல்லாவற்றின் மீட்டரும் சேர்த்து 80,000 யூனிட் காட்டுகிறது. மிச்சம் 1,20,000 யூனிட் எங்கே போனது?

அந்த ஃபீடரில் மீட்டர் இல்லாத 200 பம்புசெட் இருக்கிறது, ஒவ்வொன்றும் 5 ஹெச்.பி. என்று வைப்போம். மொத்தம் 1,000 ஹெச்.பி., அதாவது 746 கிலோவாட். ஒரு மோட்டார் தினம் சராசரியாக 4 மணி நேரம் ஓடுகிறது என்று அலுவலகத்தில் எழுதினால் விவசாயப் பயன்பாடு 89,520 யூனிட். மீதி 30,480 யூனிட் இழப்பு. இது 15 சதவீதம். அதே மோட்டார் 5 மணி நேரம் ஓடுகிறது என்று எழுதினால் விவசாயத்துக்கு 1,11,900 யூனிட், இழப்பு 8,100 யூனிட். இது 4 சதவீதம். கம்பியில் எதுவும் மாறவில்லை. திருட்டும் குறையவில்லை. தாளில் ஒரு மணி நேரத்தைக் கூட்டியதில் 15 சதவீத இழப்பு 4 ஆகிவிட்டது.

நிஜத்தில் இது இன்னும் சிக்கலானது. பதிவேட்டில் 5 ஹெச்.பி. என்று இருக்கும் கிணற்றில், நீர்மட்டம் இறங்க இறங்க ஏழரை, பத்து என்று மோட்டார் மாறியிருக்கும். பலமுறை காயில் கட்டிய மோட்டார் அதே தண்ணீருக்குக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டுவதும் நடக்கிறது. அதில் லோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து டிரான்ஸ்பார்மர் எரிகிறது. டிரான்ஸ்பார்மர் மாற்றுகிற செலவு விவசாய மானியக் கணக்கில் வராது, பராமரிப்புச் செலவில் போய் ஒளிந்துகொள்ளும்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு மீட்டர் இல்லாமல் மின்சாரம் வழங்கக் கூடாது என்கிறது. அதற்குத் தந்த அவகாசம் இரண்டு ஆண்டு. இருபது ஆண்டு கடந்தும் மாநிலத்தின் சுமார் 23 லட்சம் விவசாய இணைப்புகளில் பெரும்பகுதிக்கு மானியம் ஹெச்.பி. கணக்கில்தான் போகிறது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அந்த இலவசம் தொடர வேண்டும் என்பதில் இங்கே மறுப்பு இல்லை. எவ்வளவு இலவசமாகப் போகிறது என்று அளப்பதற்கும் இலவசத்தை நிறுத்துவதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால்தான் மீட்டர் என்ற சொல்லே கிராமத்தில் பயமுறுத்தும் சொல்லாகிப் போனது.

வழி ஒன்று: ஆண்டுதோறும் கட்டணத் திருத்தம்

2022 செப்டம்பர் ஆணையில், கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி வைத்தது. ஒவ்வொரு ஜூலையிலும் கட்டணம் சில்லறைப் பணவீக்கத்தையொட்டி உயரும், அதிகபட்சம் 6 சதவீதம். அதன்படி 2023ல் 2.18, 2024ல் 4.83, 2025ல் 3.16 சதவீதம் உயர்ந்தது. 2023லும் 2025லும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றது.

எட்டு ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றுவதை விட இது நிச்சயம் மேல். 2022ல் சிறுதொழில்கள் வாங்கிய அடி அதற்குச் சாட்சி. 112 கிலோவாட் இணைப்புக்கு மாத நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபாய் வீதம் 3,920 ரூபாயாக இருந்தது. 150 ரூபாய் வீதம் 16,800 ஆனது. ஆர்டர் இல்லாமல் மெஷின் நின்றாலும் இது கட்டியே ஆக வேண்டிய பணம். 2023 செப்டம்பரில் சிறு, குறு தொழிலகங்கள் கதவடைப்புப் போராட்டம் நடத்தியதன் பின்னணி இதுதான். மெதுவாக ஏறுகிற கட்டணத்துக்குத் தொழில்முனைவோர் கொட்டேஷனில் இடம் விட முடியும். திடீரென்று நான்கு மடங்கு ஆவதற்கு யாராலும் முடியாது.

இந்த வழியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் குறைக்கிற விலையில் ஒரு பங்கை அரசு மானியமாகத் தருகிறது, இன்னொரு பங்கைத் தொழிற்சாலையும் வணிக இணைப்பும் கூடுதல் கட்டணமாகச் சுமக்கின்றன. அந்தச் சுமை ஒரு அளவைத் தாண்டினால் வசதியுள்ள ஆலை வெளியேறிவிடும். சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்குக் காற்றாலையோ சோலாரோ வைத்துக்கொண்டால் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது. கோவை, திருப்பூர் நூற்பாலைகள் பல ஆண்டுகளாகவே அப்படித்தான் காற்றாலை மின்சாரத்துக்குப் போயிருக்கின்றன. நல்ல விலை கொடுக்கிற வாடிக்கையாளர் போனபின் மிஞ்சுவது காற்றாலை வைக்க முதல் இல்லாத சின்னப் பட்டறை. அடுத்த உயர்வு அவர் தலையில்தான் விழும். ஆகவே கட்டண உயர்வு மட்டும் போதும் என்பவர்கள் இந்த வெளியேற்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக் கட்டணத்தில் உயர்வின் சதவீதத்தை விட அடுக்கு அமைப்பே கூடுதலாகக் கடிக்கிறது. 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2.25 என்ற சலுகை அடுக்கு மறைந்துவிடும். 101லிருந்தே 4.50 வரும், ஐநூறைத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய்.

இதனால் ரீடிங் எடுக்க வருகிற நாளே பணமாகிறது. 60 நாளில் 490 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 1,665 ரூபாய். கணக்கீட்டாளர் நான்கு நாள் தாமதமாக வந்தால் 523 யூனிட் காட்டும். நாள் கணக்குக்கு ஏற்ப அடுக்கை நீட்டாவிட்டால் 2,134 ரூபாய். 33 யூனிட்டுக்கு 469 ரூபாய் கூடுதல். ஒரே வீட்டுக்கு மாடி, கீழ்த்தளம் என்று இரண்டு இணைப்பு வாங்க மக்கள் அலைவது இந்த ஐநூறு யூனிட் பள்ளத்துக்குப் பயந்துதான். ஆணையம் நாளையே செய்யக்கூடிய சீர்திருத்தம் இரண்டு. 500ல் பில் திடீரென்று ஏறுவதைப் படிப்படியாக்குவது, ரீடிங் தாமதமானால் அடுக்கை நாளுக்கு ஏற்ப நீட்டுவது. இரண்டுக்கும் மீட்டர் மாற்ற வேண்டாம், மென்பொருளில் திருத்தினால் போதும்.

மாதாந்திரக் கணக்கீடு வந்தால் பில் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவும் வந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மார்ச்சில் 150, ஏப்ரலில் 350, ஆக 500 யூனிட் ஓடும் ஒரு வீடு. இரு மாதக் கணக்கில் 1,725 ரூபாய். மாதக் கணக்குக்கு மாறும்போது எல்லா அடுக்கையும் பாதியாக்கினால் (50 யூனிட் இலவசம், 250ல் சலுகை முடிவு), மார்ச்சுக்கு 337.50, ஏப்ரலுக்கு 1,825, மொத்தம் 2,162.50. கூடிவிட்டது! இரண்டு மாதமும் சமமாக 250, 250 ஓடினால் பழைய 1,725தான், குறையாது. அடுக்கைப் பாதியாக்காமல் மாதம் 100 யூனிட் இலவசம், 500 வரை சலுகை என்று வைத்தால்தான் 1,012.50 ஆகக் குறையும். அப்போது வித்தியாசத்தை அரசு கூடுதல் மானியமாகத் தர வேண்டும். யாராவது மாதக் கணக்கீடு என்று சொன்னால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, அடுக்கு பாதியாகுமா, முழுசாக இருக்குமா என்பது. அதற்குப் பதில் இல்லாத வாக்குறுதிக்குப் பொருள் இல்லை.

வழி இரண்டு: எல்லோருக்கும் ஸ்மார்ட் மீட்டர்

மின் விநியோகத்தைச் சீரமைக்க மத்திய அரசு 2021ல் தொடங்கிய ஆர்டிஎஸ்எஸ் திட்டம் இதற்குப் பணம் தருகிறது. ஆனால் நிபந்தனைகளோடு. ஒரு மீட்டருக்கு 15 சதவீதம் அல்லது 900 ரூபாய், எது குறைவோ அது. மீட்டர் முன்பணம் கட்டும் முறையில் இயங்க வேண்டும். வாங்குவது, பொருத்துவது, பத்தாண்டு அளவுக்கு இயக்குவது எல்லாம் ஒரே ஒப்பந்ததாரரிடம் போய், அவருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் போக வேண்டும். தமிழ்நாட்டில் விலை அதிகம் என்று முதல் டெண்டர் ரத்தாகி மறு டெண்டர் போடப்பட்டது. கேரளம் இந்த ஒப்பந்த முறையே வேண்டாம் என்று ஒதுங்கி, வாரியமே மீட்டரை வாங்கும் பாதையை எடுத்தது. மானியத்தை இழந்தாலும், எங்கே தேவையோ அங்கே மட்டும் போடும் உரிமை கையில் இருக்கும். இந்த விஷயத்தில் கேரளத்தின் முடிவு சரியென்றே படுகிறது.

கணக்கு இப்படி. மீட்டருக்கும் பத்தாண்டு இயக்கத்துக்கும் சேர்த்து ஒரு இணைப்புக்கு, உதாரணமாக, 9,000 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். மானியம் 900. மிச்சம் 8,100ஐ விநியோக நிறுவனம் சம்பாதிக்க வேண்டும், ஆண்டுக்கு 810 ரூபாய். மாதம் ஒரு லட்சம் ரூபாய் பில் வரும் ஆலையில் இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஓடி, பில்லே வராத வீட்டில் இந்த 810 எங்கிருந்து வரும்? அங்கே திருட்டும் இல்லை, பாக்கியும் இல்லை. ரீடிங் எடுக்கும் ஆள் செலவு கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

ஸ்மார்ட் மீட்டர் உண்மையிலேயே வேலை செய்யும் இடங்கள் மூன்று. உயர் அழுத்த இணைப்பும் தாழ்வழுத்தத் தொழில், வணிக இணைப்பும் முதலிடம். உச்சநேரக் கட்டணம் வசூலிக்க நேரம் வாரியாகப் பதிகிற மீட்டர் வேண்டும். அது இல்லாமல் குத்துமதிப்பாக உச்சநேரக் கட்டணம் போடுவது அநியாயம். அடுத்து ஃபீடர் தலைப்பும் (துணைமின் நிலையத்தில் அது தொடங்கும் இடம்) டிரான்ஸ்பார்மரும். மூன்றாவது, அதிகம் பயன்படுத்தும் வீடுகள். ஏசி ஓடும் நேரத்தை மாலை உச்சத்திலிருந்து சற்றுத் தள்ள விலைச் சலுகை கொடுக்கலாம். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் வெயில் இறங்கி சோலார் ஓய்ந்தபின் வருகிற மாலை நேரத்துக்கு வெளிச்சந்தையில் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பு வரை கொடுத்து வாங்க நேர்கிறது. அந்த மாலை நேரத்திலிருந்து தள்ளிப்போகிற ஒவ்வொரு யூனிட்டும் நேரடி மிச்சம்.

எங்கே கோளாறாகும் என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டர் நல்லதாக இருந்தும் திட்டம் தோற்பதற்கு முதல் காரணம், எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது என்ற பட்டியல் தப்பாக இருப்பது. லோடு தாங்காமல் லைன்மேன் ஒரு தெருவை ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருப்பார், பதிவேடு மாறியிருக்காது. அந்த நிலையில் டிரான்ஸ்பார்மர் மீட்டரையும் வீட்டு மீட்டர்களையும் கழித்துப் பார்த்தால் ஒரு இடத்தில் 40 சதவீதம் திருட்டு என்றும் பக்கத்தில் மைனஸ் இழப்பு என்றும் வரும். அடுத்த கோளாறு சிக்னல். அடுக்குமாடியின் தரைக்குக் கீழே உள்ள மீட்டர் அறை, மலையடிவாரக் கிராமம் இரண்டிலும் ரீடிங் வந்து சேராது, கடைசியில் ஆள்தான் போக வேண்டும். மூன்றாவது, முன்பணம் தீர்ந்ததும் தானாக மின்சாரம் நின்றுவிடுவது. இரவிலும் விடுமுறை நாளிலும் நிறுத்தக் கூடாது, சிறு தொகைக்குக் கடன் வசதி வேண்டும் என்று விதியிலேயே எழுதினால்தான் மக்கள் ஏற்பார்கள். சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கு மேல் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டது. அங்கே சிக்னல் எத்தனை சதவீதம் வந்தது, பட்டியல் எவ்வளவு தப்பாக இருந்தது என்ற கணக்கைப் பொதுவில் வைக்காமல் மாநிலம் முழுதும் மூன்று கோடி மீட்டருக்குப் போவது சரியில்லை.

வழி மூன்று: தனியாரிடம் கொடுப்பது

இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது டெல்லி. 2002 ஜூலையில் விநியோகம் மூன்று கம்பெனிகளுக்குப் போனது, 51 சதவீதப் பங்கு தனியாருக்கு. அப்போது நூறு யூனிட் வாங்கினால் ஏறக்குறைய ஐம்பதுக்குத்தான் பணம் வந்தது. இன்று இழப்பு 10 சதவீதத்துக்குக் கீழே. இது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. யார் அதிக விலை கொடுக்கிறார் என்று ஏலம் விடாமல், யார் ஆண்டுக்கு எவ்வளவு இழப்பைக் குறைக்கிறேன் என்று உறுதி தருகிறார் என்று ஏலம் விட்டதுதான் அதன் சூட்சுமம். முதல் ஐந்து ஆண்டுக்கு அரசு 3,450 கோடி ரூபாய் இடைக்கால உதவியும் கொடுத்தது.

ஆனால் டெல்லியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. செலவு ஏறியபோது கட்டணத்தை ஏற்றாமல், பிறகு வசூலிக்க வேண்டிய தொகை என்று எழுதி வைத்துக்கொண்டே போனார்கள். அது 27,200 கோடி ரூபாய் ஆனது. இப்படி எழுதி வைத்த தொகைகளைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய ஊழியர்களின் ஓய்வூதியத்துக்காக டெல்லி பில்லில் 7 சதவீதம் தனிக் கட்டணம் ஏறியது. உரிமையாளர் தனியாராக இருந்தாலும் கட்டணத்தை அரசியல் தடுக்கும், பழைய கடமை மக்கள் பில்லுக்கே திரும்பி வரும் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஒடிசாவின் கதை இன்னும் கடினமானது. 1999ல் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தது. சூப்பர் புயல் அடித்த பகுதியை வாங்கிய அமெரிக்கக் கம்பெனி 2001ல் விட்டுவிட்டுப் போனது. மற்ற மூன்று உரிமங்களையும் 2015ல் ஒழுங்குமுறை ஆணையம் ரத்து செய்தது. 2020-21ல்தான் டாடா பவர் நான்கையும் எடுத்தது. இடையில் போனது இருபது ஆண்டு. புதுச்சேரியில் 2022ல் டெண்டர் விட்டபோது ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஊரே இருட்டில் தவித்ததும், சண்டிகரில் 2025 பிப்ரவரியில் கைமாறியதும் அண்மைய நிகழ்வுகள்.

தமிழ்நாட்டுக்கு இது பொருந்துமா? டெல்லியில் விவசாய இணைப்பு பெயருக்குத்தான். அங்கே ஐம்பதைப் பத்தாக்கலாம் என்பதால் தனியாருக்கு லாபம் இருந்தது. இங்கே அதிகாரபூர்வ இழப்பே பத்துச் சொச்சம் சதவீதம்தான். அந்த எண் உண்மையானால் தனியார் குறைத்துக் காட்ட அதிகம் மிச்சமில்லை. அந்த எண் விவசாய அனுமானத்தில் ஒளிந்திருக்கிறது என்றால் ஏலம் கேட்பவர் அந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். எப்படியும் நஷ்டம் அரசுக்கு. தனியார்மயத்தை மனதார ஆதரிப்பவர்கூட முதலில் ஃபீடர் மீட்டரைக் கேட்க வேண்டும். அளக்காத சொத்தை விற்பவர் ஏமாறுவார். மகாராஷ்டிரத்தின் பிவண்டியில் 2007ல் செய்ததுபோல, ஒரு விசைத்தறி நகரத்தை மட்டும் ஒப்பந்த முறையில் கொடுத்துப் பார்ப்பது அளவான சோதனை. சொத்தும் உரிமமும் வாரியத்திடமே இருக்கும், இயக்குவது மட்டும் ஒப்பந்ததாரர். இழப்பு மிகுந்த ஊரில் அது பலித்தது. இழப்பு குறைந்த ஊரில் அதற்கு வேலை இல்லை.

வழி நான்கு: விவசாயத்துக்குத் தனி ஃபீடர், பகலில் சோலார்

குஜராத் 2003 முதல் 2006 வரை ஜோதிகிராம் திட்டத்தில் கிராம வீடுகளையும் பம்புசெட்டுகளையும் வெவ்வேறு ஃபீடரில் பிரித்தது. வீட்டுக்கும் சிறுதொழிலுக்கும் முழுநேர மின்சாரம். வயலுக்கு எட்டு மணி நேரம், ஆனால் சொன்ன நேரத்தில், முழு வோல்டேஜில். விவசாய மின்சாரத்தின் விலையை அவர்கள் பெரிதாக ஏற்றவில்லை. நேரத்தை வரையறுத்ததாலேயே அளவு கட்டுக்குள் வந்தது. பயன்பாடு ஃபீடரின் தலைப்பிலுள்ள ஒரே மீட்டரில் தெரிந்துவிடும், கிணற்றுக்குக் கிணறு மீட்டர் வைக்க வேண்டியதில்லை. மீட்டர் பயத்தைத் தொடாமலே அனுமானத்தை ஒழிக்கும் வழி இது ஒன்றுதான்.

அதன்மேல் சோலாரைச் சேர்ப்பது, விவசாயத்துக்குச் சோலார் கொண்டுவரும் மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டத்தின் சி பிரிவு. நாம் முதலில் பார்த்த 200 பம்புசெட் ஃபீடரையே எடுப்போம். தினம் 4 மணி நேரம் ஓட 2,984 யூனிட் வேண்டும். துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கரில் ஒரு மெகாவாட் சோலார் வைத்தால் சராசரியாக நாளுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் வரும். கம்பி இழப்பு போக அந்த ஃபீடருக்குப் போதும், மழைநாளில் மிஞ்சுவது வீட்டு ஃபீடருக்குத் திரும்பும். மத்திய உதவி 30 சதவீதம், மெகாவாட்டுக்கு 1.05 கோடி ரூபாய் வரை. மகாராஷ்டிரம் இந்த முறையைத்தான் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு, யூனிட் 3 ரூபாய்ச் சுற்றளவில் 25 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. விவசாயிக்கு இலவசம் இலவசமாகவே இருக்கும். அரசு தருகிற மானியத்தின் அடக்கவிலை குறையும். இரவில் டார்ச் லைட்டோடு மடை திறக்கப் போய்ப் பாம்பு கடிக்கு ஆளாகும் அவலமும் குறையும்.

இடறும் இடங்களும் உண்டு. துணைமின் நிலையத்துக்கு அருகில் நிலம் கிடைக்காமல் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் லைன் செலவு லாபத்தைத் தின்றுவிடும். பிரித்த ஃபீடரிலிருந்து தோட்டத்து வீடுகளுக்குக் கொக்கி போடுவார்கள், ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் பிரிப்பு ஒரே ஆண்டில் குலையும். தமிழ்நாட்டில் தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்பவர்கள் கொங்குப் பகுதி முழுக்க இருப்பதால் இது சிறிய விஷயம் இல்லை. இருபத்துநாலு மணி நேர மும்முனை மின்சாரம் என்ற வாக்குறுதியோடு இந்த வழி மோதும் என்பதையும் மறைக்கக் கூடாது. நிலத்தடி நீர் அதல பாதாளத்துக்குப் போன ஒன்றியங்களில் நாள் முழுக்க மோட்டார் ஓட விடுவது அடுத்த ஆண்டு பயிருக்குத்தான் கேடு.

மானியத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு மின்சாரத்துக்குப் பில் வாங்கலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. தமிழ்நாட்டில் அது பலிக்காது. இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும், பட்டா மூன்று பேருக்குப் பிரிந்திருக்கும், கிணறு கூட்டுக் கிணறாக இருக்கும், பயிர் செய்பவர் குத்தகைக்காரர். பணம் ஒருவருக்கும் பில் இன்னொருவருக்கும் போகும். பஞ்சாப் 2018ல் சோதித்ததுபோல, ஒதுக்கிய அளவை விடக் குறைவாகப் பயன்படுத்தினால் மிச்சமான யூனிட்டுக்கு 4 ரூபாய் வீதம் கொடுப்பது, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், ஏற்கத்தக்கது.

எந்த வரிசையில்

எங்கள் தேர்வு நான்காவது வழி, அதற்கு முன்னோட்டமாக ஃபீடர், டிரான்ஸ்பார்மர் மீட்டர். ஆர்டிஎஸ்எஸ் திட்டத்தில் இழப்பைக் குறைக்கும் பணிகளுக்கு, ஃபீடர் பிரிப்பு உட்பட, 60 சதவீதம் வரை மத்திய மானியம் உண்டு. 15 சதவீதம் தருகிற வீட்டு மீட்டருக்கு முன்பாக இதை எடுப்பதே புத்திசாலித்தனம். முதல் ஆண்டில் ஃபீடர் தலைப்பு மீட்டர்களைச் சரிபார்த்து, எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மர் என்ற பட்டியலை உதவிப் பொறியாளர் (ஏ.இ.) அலுவலகம் வாரியாகக் கம்பத்துக்குக் கம்பம் நடந்து திருத்த வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். களப்பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு மென்பொருள் வாங்குவதில் பயனில்லை. இரண்டாம் ஆண்டில் விவசாய லோடு பாதிக்கு மேல் உள்ள ஃபீடர்களைப் பிரிக்கத் தொடங்கலாம், நிலம் கிடைக்கிற துணைமின் நிலையங்களில் சோலார் டெண்டரும் கூடவே. ஸ்மார்ட் மீட்டர் தொழில், வணிக இணைப்பிலும் 500 யூனிட் தாண்டும் வீட்டிலும் மட்டும்.

ஜூலை கட்டணத் திருத்தம் சிறிய அளவில் தொடர வேண்டும். வீட்டுக்கு ஏற்றக் கூடாது என்று அரசு முடிவெடுத்தால் எடுக்கட்டும், ஆனால் மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறபடி அந்தப் பணத்தை முன்கூட்டியே நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். கட்டாத மானியம்தான் கடனாகி, கடன் வட்டியாகி, வட்டி பட்டறைக்காரரின் நிலைக்கட்டணமாக வந்து விழுகிறது.

இத்தனைக்கும் மேற்பார்வைக்கு ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. 2021 முதல் மின் விநியோக நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது மத்திய விதி. அந்த அறிக்கையில் ஒவ்வொரு மின் வட்டத்துக்கும் இரண்டு எண்களைத் தனித்தனியே, தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லிக் கேட்கலாம். விவசாயப் பயன்பாட்டில் மீட்டரில் அளந்தது எத்தனை யூனிட், அனுமானத்தில் எழுதியது எத்தனை யூனிட்.